கேப் பிரெட்டன் டார்ட்டன்: நிறங்களையும் கோடுகளின் வரிசையையும் எப்படிப் படிப்பது?

வினா: பாவுநூல்

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவுக்கென்று தனியாக ஒரு டார்ட்டன் (நிறக்கோடுகள் நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடும், ஸ்காட்லாந்து மரபில் வந்த கட்டத் துணி) உண்டு. கறுப்பு, சாம்பல், பச்சை, பொன்மஞ்சள் ஆகிய நான்கு நிற நூல்களால் அது நெய்யப்படுவதாகவே குறிப்புகள் எல்லாம் சொல்கின்றன. ஆனால் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணுக்கு நான்கு நிறங்கள் மட்டும் தெரிவதில்லை. சாம்பலுக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட ஒரு நிறம், பாசி படிந்தது போன்ற ஒரு பச்சை, மஞ்சளும் அல்லாத பழுப்பும் அல்லாத ஒரு மங்கல் என்று பலவும் தெரிகின்றன. அதுமட்டுமன்றி, ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு கழுத்துத்துணிகளை அருகருகே வைத்தால், ஒன்றில் பச்சை அடர்ந்தும் மற்றொன்றில் வெளிறியும் இருக்கிறது. கட்டங்களின் அளவும் ஒன்றுபோல் இல்லை.

ஆகவே எனக்கு மூன்று ஐயங்கள். இந்த நான்கு நிறங்களும் எதைக் குறிக்கின்றன, அவற்றைத் தேர்ந்தவர் யார்? நான்கு நிற நூல்களிலிருந்து இத்தனை நிறங்கள் எப்படித் தோன்றுகின்றன? நிறச்சாயலும் கட்டத்தின் அளவும் மாறிய பின்னும் அது அதே டார்ட்டன்தான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? வீட்டில் ஒரு சிறு தறி இருப்பதால், இதை நானே நெய்து பார்க்கும் எண்ணமும் உண்டு.

மறுமொழி 1: வடகடல்

தங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். நெசவைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இந்த டார்ட்டனை 1957இல் வடிவமைத்தவர் எலிசபெத் கிராண்ட். நிறங்களை அவர் தம் விருப்பப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தீவின் கவிஞர் லில்லியன் க்ரூ வால்ஷ் எழுதிய ஒரு சிறு கவிதையில் தீவின் நிறங்கள் ஏற்கெனவே வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. கறுப்பு நிலக்கரிச் சுரங்கங்களின் வளத்துக்கும், சாம்பல் அங்கே வார்க்கப்பட்ட எஃகுக்கும், பச்சை மலைகளுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் வயல்களுக்கும், பொன் தீவிலுள்ள பிராஸ் டோர் ஏரிகளின் மேல் விழும் அந்தி வெயிலுக்கும் உரியவை. கிராண்ட் அவற்றை அப்படியே நூலாக்கினார்.

இந்தத் தேர்வு எவ்வளவு வேறுபட்டது என்பதை அதே மாகாணத்தின் பொது டார்ட்டனோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். நோவா ஸ்கோஷியா டார்ட்டன் 1953இல் பிறந்தது. ட்ரூரோ நகரில் நடந்த வேளாண் கண்காட்சிக்காக, மாகாணத்தில் செம்மறியாடு வளர்ப்பின் வரலாற்றைக் காட்டும் பெரிய படம் ஒன்றை பெஸ்ஸி மரே என்ற நெசவாளர் உருவாக்கினார். அதில் கில்ட் என்னும் ஸ்காட்லாந்துக் கட்டப் பாவாடை உடுத்திய ஒரு மேய்ப்பன் இருந்தான். ஸ்காட்லாந்துக் குலங்களுக்குத் தனித்தனி டார்ட்டன் உண்டு; எந்தக் குலத்தின் டார்ட்டனை அவனுக்கு உடுத்தினாலும் மற்றக் குலத்தார் முகம் சுளிப்பார்கள் என்பதால், எவருக்கும் சொந்தமில்லாத ஒரு புதிய கட்டத்தை அவர் ஆக்கினார். அதில் நீலம் கடலுக்கு, வெள்ளை கருங்கல் பாறைகளுக்கும் அலை நுரைக்கும், அடர்பச்சையும் இளம்பச்சையும் காடுகளுக்கு. இவற்றோடு பொன்னிறம் அரச சாசனத்துக்கும், சிவப்பு மாகாணச் சின்னத்தில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கத்துக்கும் சேர்க்கப்பட்டன. 1956இல், குலச்சின்னங்களைப் பதிவு செய்யும் ஸ்காட்லாந்தின் லார்ட் லயன் நீதிமன்றத்தில் அது பதிவானது. கனடாவில் ஒரு மாகாணம் தனக்கென்று கொண்ட முதல் டார்ட்டன் அதுவே.

அதாவது மாகாணத்தின் துணியில் கடலும் காடும் போக மீதி இடத்தை அரசரும் சிங்கமும் எடுத்துக்கொண்டார்கள். அது பிறந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த தீவின் துணியிலோ சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் சரிபாதி நிறங்களைப் பெற்றார்கள். 1784 முதல் 1820 வரை தனிக் குடியேற்றமாக இருந்து, பின்னர் நோவா ஸ்கோஷியாவோடு சேர்க்கப்பட்ட தீவு அது என்பதை நினைத்தால், தனக்கென்று ஒரு துணியை அது வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இதில் என் மனத்தைத் தொடுவது ஒன்று உண்டு. 2001இல் அந்தத் தீவிலுள்ள சிட்னி நகரின் எஃகு ஆலை மூடப்பட்டது. கூட்டரசின் நிறுவனமான டெவ்கோவின் கடைசி நிலத்தடிச் சுரங்கமும் அதே ஆண்டில் மூடப்பட்டது. ஏரியும் மலையும் அங்கேயே இருக்கின்றன. ஆனால் கறுப்பும் சாம்பலும் யாருக்காக வைக்கப்பட்டனவோ அந்த வாழ்க்கை பெரும்பாலும் போய்விட்டது. துணியில் மட்டும் அவை அகலம் குறையாமல் இருக்கின்றன.

மறுமொழி 2: இழையெண்ணி

நண்பர் வடகடல் நிறங்களின் கதையை நன்றாகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் கதை துணிக்குள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கவிதையை அறியாத ஒரு நெசவாளரும் இந்த டார்ட்டனைப் பிழையின்றி நெய்வார்; கவிதையை மனப்பாடமாகச் சொல்பவர் இழை எண்ணிக்கையைத் தவறவிட்டால் அவர் நெய்வது வேறு துணியாகிவிடும். டார்ட்டன் என்பது எந்த நிறத்துக்கு அடுத்து எந்த நிறம், எத்தனை இழை என்ற வரிசைதான்.

அந்த வரிசைக்கு நெசவாளர்கள் 'செட்' என்று பெயர் சொல்வார்கள். பாவில் (நீளவாட்டு இழைகளில்) எந்த வரிசையில் நிறங்கள் ஓடுகின்றனவோ அதே வரிசையில், அதே விகிதத்தில் ஊடையிலும் (குறுக்கு இழைகளிலும்) ஓட வேண்டும். பெரும்பாலான டார்ட்டன்களில் செட் கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்திருக்கும். ஒரு முனைக் கோட்டில் தொடங்கி மறுமுனைக் கோடுவரை சென்று, அங்கே திரும்பி, வந்த வழியே எதிர்வரிசையில் மீளும். ஆகவே குறிப்பில் பாதிச் செட் மட்டுமே எழுதப்படும். திரும்பும் இரண்டு கோடுகளுக்கும் அருகில் ஒரு சாய்கோடு இடுவார்கள். நிறங்களுக்கு ஆங்கிலத்தில் ஓரெழுத்துக் குறி உண்டு. 'பி' என்ற எழுத்தை நீலம் எடுத்துக்கொண்டதால் கறுப்புக்கு 'கே' என்றும், சாம்பலுக்கு 'என்' என்றும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனைச் செட்டை எடுத்துக்கொள்வோம். (இது கேப் பிரெட்டன் டார்ட்டனின் எண்ணிக்கை அன்று. உண்மையான எண்ணிக்கையை ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்; அது 2009 பிப்ரவரியிலிருந்து இணையத்தில் இயங்குகிறது.) கறுப்பு/8, சாம்பல் 24, பச்சை 24, பொன்/4 என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு 8 இழையிலிருந்து புறப்பட்டு, சாம்பலும் பச்சையும் கடந்து, பொன் 4 இழையை அடைந்து, திரும்பும்போது பச்சையும் சாம்பலும் மீண்டும் வரும். அடுத்துக் கறுப்பு வரும்போது புதிய செட் தொடங்கிவிட்டது. ஆக ஒரு முழுச் செட்டில் 8, 24, 24, 4, 24, 24 என மொத்தம் 108 இழைகள். திரும்பும் கோடுகளை இருமுறை எண்ணிவிடுவது புதிதாக நெய்பவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை. அப்படிச் செய்தால் கறுப்பு 16 ஆகவும் பொன் 8 ஆகவும் தடித்து, துணியின் முகமே மாறிப்போகும். சில பழைய குறிப்புகளில் திரும்பும் கோட்டின் பாதி எண்ணிக்கையே எழுதப்பட்டிருக்கும்; முழு எண்ணிக்கையா பாதி எண்ணிக்கையா என்பதை நூலை அளக்கும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி, நான்கு நிறம் எப்படிப் பத்தாகிறது என்பதைப் பார்ப்போம். ஆம், பத்துதான். பாவும் ஊடையும் ஒரே நிறமாக இருக்கும் இடங்களில் தூய நிறம் தெரியும், அவை நான்கு. இரண்டு வெவ்வேறு நிறங்கள் குறுக்கிடும் இடங்களில் கலவை நிறம் தெரியும். நான்கு நிறங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு கலவைகள் கிடைக்கும். ஆறு நிறங்கள் கொண்ட நோவா ஸ்கோஷியா டார்ட்டனில் இதே கணக்குப்படி 21 சாயல்கள் வரும். கலவையில் சாயம் ஏதும் கலப்பதில்லை. இரண்டு நிற இழைகள் மாறி மாறி மேலே வருவதால் தொலைவிலிருந்து பார்க்கும் கண் அவற்றை ஒன்றாக்கிக்கொள்கிறது. தாங்கள் பாசி என்று சொன்ன நிறம் பச்சையும் சாம்பலும் குறுக்கிடும் இடமாக இருக்கலாம். மஞ்சளும் அல்லாத பழுப்பும் அல்லாத மங்கல் பெரும்பாலும் பொன்னிழை கறுப்பைக் கடக்கும் இடம்.

பொன்னைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மெல்லிய கோடுகளின் நுட்பம் அதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன கற்பனைச் செட்டில் 108க்கு 108 என 11,664 குறுக்கீடுகள் உள்ளன. அவற்றில் பொன்னும் பொன்னும் சந்திப்பவை நான்குக்கு நான்கு, அதாவது 16 மட்டுமே. பொன் வேறொரு நிறத்தைச் சந்திப்பவை 832. ஆக அந்தி வெயில் தூய்மையாகத் தெரிவது ஒரு சிறு புள்ளியில். மற்ற இடங்களிலெல்லாம் அது சாம்பலிலும் பச்சையிலும் கறுப்பிலும் கரைந்தே தெரிகிறது. ஒரு வடிவமைப்பாளர் மெல்லிய கோட்டுக்குப் பளிச்சென்ற நிறத்தைத் தேர்வதன் காரணம் இதுதான். மங்கலான நிறத்தை மெல்லிய கோடாக இட்டால் அது கலவையில் காணாமலே போய்விடும்.

மூன்றாவது ஐயத்துக்குச் சுருக்கமாக விடை சொல்லிவிடுகிறேன். இழை எண்ணிக்கை என்பது விகிதம். எல்லா எண்களையும் பாதியாக்கிக் கழுத்துப்பட்டைக்கும், பெருக்கிப் போர்வைக்கும் நெய்யலாம். கட்டம் சிறுத்தாலும் பெருத்தாலும் டார்ட்டன் மாறுவதில்லை. நிறச்சாயலும் அப்படியே. செயற்கைச் சாயங்களின் அடர்த்தியோடு நெய்வதை 'மாடர்ன்' என்றும், பழைய தாவரச் சாயம்போல் வெளிறிய சாயலில் நெய்வதை 'ஏன்ஷியன்ட்' என்றும், வெயிலிலும் மழையிலும் கிடந்தது போன்ற சாயலில் நெய்வதை 'வெதர்டு' என்றும் ஆலைகள் சொல்லும். இவை சாயத்தின் பெயர்களேயன்றித் துணியின் வயதைக் குறிப்பவை அல்ல. தாங்கள் பார்த்த இரண்டு கழுத்துத்துணிகளும் இந்த வகையிலேயே வேறுபடுகின்றன என்று நினைக்கிறேன். பச்சை எந்தப் பச்சையாகவும் இருக்கலாம். ஆனால் பச்சை இருக்க வேண்டிய இடத்தில் நீலம் வரக் கூடாது.

மறுமொழி 3: வடகடல்

இழையெண்ணி அவர்களின் கணக்கை மறுக்கவில்லை. ஆயினும் கதை துணிக்குள் இல்லை என்ற கூற்றை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கறுப்பு, சாம்பல், பச்சை, பொன் என்ற நான்கும் அந்தக் கவிதையிலிருந்து வந்தவை; கவிதை இல்லையேல் இந்த வரிசையே இருந்திராது. கடல் சூழ்ந்த ஒரு தீவின் துணியில் நீலம் அறவே இல்லை என்பதை இழைகளை எண்ணி அறிந்துகொள்ளலாம். ஏன் இல்லை என்பதை அறியக் கவிதைக்குத்தான் போக வேண்டும்.

மறுமொழி 4: பழங்கம்பளி

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் நிறத்துக்குப் பொருள் சொல்லும் வழக்கம் மிகவும் அண்மைக்காலத்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது. ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க் அருகே கிடைத்த, மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கட்டம் போட்ட கம்பளித் துண்டில் இருப்பவை சாயமிடாத இரண்டு இயற்கை நிறங்கள் மட்டுமே. வெளிர் நிற ஆட்டின் கம்பளியும் கருமை படர்ந்த ஆட்டின் கம்பளியும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. அது வெள்ளிக் காசுகள் நிறைந்த ஒரு சாடியின் வாயை அடைக்கப் பயன்பட்ட துணி. யாரும் அதில் மலையையும் அந்தியையும் தேடியிருக்க மாட்டார்கள்.

வட்டாரத்துக்கு ஒரு கட்டம் என்ற எண்ணம் மட்டும் பழையதுதான். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றி மார்ட்டின் மார்ட்டின் என்பவர் 1703இல் வெளியிட்ட நூலில், தீவுக்குத் தீவு போர்வையின் கட்டம் மாறுபடுவதாகவும், போர்வையைக் கண்டே ஒருவர் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று ஊகிக்க முடியும் என்றும் எழுதியிருக்கிறார். அந்தந்த இடத்தில் கிடைத்த சாயச்செடிகளும், அந்தந்த ஊர் நெசவாளரின் கைப்பழக்கமும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்ற கண்டிப்பான முறை பின்னால் வந்தது. குலத் தலைவர்கள் தத்தம் டார்ட்டனின் மாதிரியை அனுப்பி வைக்குமாறு லண்டனிலிருந்த ஹைலேண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டார்) சங்கம் கேட்டுக்கொண்டது 1815ஆம் ஆண்டில்தான். ஸ்காட்லாந்தின் பானக்பர்னில் இருந்த வில்சன் நெசவாலை தன் கட்டங்களுக்கு எண்ணையும் ஊர்ப்பெயரையும் குலப்பெயரையும் இட்டு விற்றது. அதன் 1819ஆம் ஆண்டு மாதிரிக் கணக்கேட்டில் இருப்பவை நிறமும் இழை எண்ணிக்கையும்தான், பொருள் விளக்கம் அன்று.

சட்டமும் இழையெண்ணி அவர்களின் பக்கமே நிற்கிறது. ஸ்காட்லாந்தின் 2008ஆம் ஆண்டு டார்ட்டன் பதிவேட்டுச் சட்டம், நெய்யக்கூடியதாகவும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நிறக்கோடுகள் மாறி மாறி நெடுக்கிலும் குறுக்கிலும் சேர்ந்து திரும்பத் திரும்ப வரும் கட்டமாகவும் அமைந்த வடிவமைப்பே டார்ட்டன் என்று வரையறுக்கிறது. அந்த வரையறையில் நிலக்கரிக்கும் எஃகுக்கும் இடமில்லை. அதே வேளையில் கனடாவின் வட்டாரத் துணிகள் பலவும் பொருளோடு பிறந்தவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரின்ஸ் எட்வர்டு தீவின் டார்ட்டனில் அந்தத் தீவின் செம்மண் இருக்கிறது. 1964இல் வந்து 2011இல் நாட்டின் அதிகாரபூர்வச் சின்னமான மேப்பிள் இலை டார்ட்டனில், ஓர் இலை பச்சையாகத் தளிர்த்துப் பொன்னாகி, சிவந்து, பழுப்பாக உதிர்வது வரையுள்ள நான்கு நிறங்களும் உள்ளன. ஆகவே இந்தக் குடும்பத்தில் கவிதையை ஒதுக்கி வைக்கவும் முடியாது.

மறுமொழி 5: பாவுநூல்

அனைவருக்கும் மிக்க நன்றி. பதிவேட்டைப் பார்த்து எண்ணிக்கையைக் குறித்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது இரண்டு வாய் மட்டும் திறக்கும் எளிய மேசைத்தறி; அதில் சாதாரண நெசவுதான் வரும், சாய்வரி விழும் ட்வில் நெசவு வராது. அங்குலத்துக்குப் பத்து இழைக்கு மேல் அதில் பாவு ஏற்றவும் முடியாது. இந்நிலையில் நெய்தால் அதை டார்ட்டன் என்று சொல்லலாமா? கட்டங்கள் சதுரமாக அமைவதற்கு எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 6: இழையெண்ணி

தாராளமாகச் சொல்லலாம். மேலே பழங்கம்பளி எடுத்துக்காட்டிய சட்ட வரையறையிலேயே ட்வில் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் தோற்றம் மாறும் என்பதை அறிந்து நெய்யுங்கள். ட்வில் நெசவில் ஒவ்வோர் ஊடையும் இரண்டு பாவு இழைகளுக்கு மேலும் இரண்டுக்குக் கீழும் சென்று, அடுத்த ஊடையில் ஓர் இழை நகர்ந்து செல்லும். அதனால் கலவைக் கட்டங்களில் மெல்லிய சாய்வரிகள் ஓடும். டார்ட்டனுக்கு நாம் பழகிய அந்த மினுமினுப்பு அவற்றிலிருந்து வருகிறது. சாதாரண நெசவில் சாய்வரிக்குப் பதிலாகப் புள்ளிகளே விழும். தடித்த நூலில் புள்ளிகள் பெரிதாகத் தெரியும். ஆகவே நூல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்குக் கலவை நிறம் கண்ணில் நன்றாகக் கூடும்.

அங்குலத்துக்குப் பத்து இழை என்றால் என் கற்பனைச் செட்டே பத்து அங்குலத்தைத் தாண்டிவிடும். கழுத்துத்துணியின் அகலத்தில் ஒரு செட்டுக்கு மேல் அடங்காது. எனவே எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். குறைக்கும்போது எந்தக் கோட்டையும் இரண்டு இழைக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், குறிப்பாகப் பொன்னை. ஒற்றை இழை சாதாரண நெசவில் கோடாக ஓடாமல் விட்டுவிட்டுத் தெரியும் புள்ளி வரிசையாகிவிடும். பாவின் இரு ஓரங்களும் ஒன்றுபோல் முடிய வேண்டுமானால், திரும்பும் கோடு ஒன்றைத் துணியின் நடுவில் வைத்து இருபுறமும் சமமாக விரியுங்கள்.

சதுரம் அமைவது முழுக்க முழுக்க அடிக்கும் கையைப் பொறுத்தது. அங்குலத்துக்குப் பத்துப் பாவு என்றால் அங்குலத்துக்குப் பத்து ஊடையே விழ வேண்டும். கை இறுகினால் கட்டங்கள் நசுங்கும், தளர்ந்தால் நீளும். ஒரு செட் முடிந்ததும் துணியின் மேல் மூலைவிட்டமாக ஓர் அளவுகோலை வையுங்கள். ஒரே நிறங்கள் சந்திக்கும் தூய கட்டங்கள் அந்தக் கோட்டின் மேல் வரிசையாக அமைந்திருந்தால், அந்தக் கோடும் நாற்பத்தைந்து பாகையில் சாய்ந்திருந்தால், அடி சரியாக விழுகிறது. தறியில் பாவு இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், கழற்றியதும் நீளவாட்டில் துணி சற்றுச் சுருங்கும். அதற்காக, தறியில் இருக்கும்போது கட்டங்கள் ஒரு மயிரிழை நீளமாகவே தெரியும்படி நெய்வது என் வழக்கம். நீரில் அலசி உலர்த்திய பிறகே அளந்து பாருங்கள்.

நான்கு நூல்களையும் வாங்குமுன், அவற்றை இரண்டிரண்டாக முறுக்கி ஆறு கலவைகளையும் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். சாம்பல் நூலும் பச்சை நூலும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சம் கொண்டவையாக இருந்தால் நெய்த பின் ஒன்றையொன்று விழுங்கிவிடும். சாம்பலைச் சற்று வெளிறியதாகவும் பச்சையை அடர்ந்ததாகவும் எடுத்தால் கட்டங்களின் எல்லை தெளிவாக நிற்கும்.